அப்பாவுக்குக் கொடுக்காத மருந்து

தம்பி,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று உறுதியான பிறகுதான் பேனாவைத் தேடினேன். நீ எடுத்திருந்தாலும் நான் சொல்ல வந்ததைச் சொல்லியிருக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடும். அழுகையைக் கேட்டதும் நீ "சரிம்மா, அப்புறம் எடுக்கிறேன்" என்பாய். அதோடு முடிந்துவிடும். கடிதம் என்றால் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதலாம். நான் படித்தது நம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். பக்கத்து வீட்டுச் செல்வி இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள் அல்லவா, அவள்தான் என் பிழைகளைத் திருத்தித் தருகிறாள். எழுத்தைத்தான் திருத்துகிறாள், நான் சொல்வதை அல்ல. "அத்தை, இது கொஞ்சம் கடுமையா இருக்கே, எடுத்துறவா?" என்று ஓரிடத்தில் கேட்டாள். அது நான் என்னைப் பற்றி எழுதியது. இருக்கட்டும் என்றேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. பத்திரிகைக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், நம் பெயரைப் போடாமல். நான் உன்னைச் சொன்ன சொல், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள நம் லயம் முழுக்கக் கேட்டது. லயத்திலிருந்து கோயிலுக்குப் போனது, கோயிலிலிருந்து பூனாகலைக் கடைவரைக்கும் போனது. அப்படி ஊர் கேட்கச் சொன்னதை உன் காதுக்குள் மட்டும் திரும்ப எடுத்தால் அது நியாயமில்லை. ஊரும் கேட்கட்டும்.

கொரியாவில் உன் அறையில் உன்னோடு இருக்கிற பையன் செல்விக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அப்பாவின் காரியம் முடிந்து போனதிலிருந்து நீ ஆய்வுகூடத்துப் பக்கமே போகவில்லையாம். உன் பேராசிரியர் கூப்பிட்டும் போகவில்லையாம். படிப்பை விட்டுவிட்டு ஏதாவது பெக்டரியில் சேரப் போகிறேன் என்கிறாயாம். "அவங்க அம்மா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றான்" என்று எழுதியிருந்தான். அம்மா சொன்னது என்ன என்று அவன் எழுதவில்லை. செல்வியும் என்னைக் கேட்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளை தன் அப்பாவுக்காக எடுத்த வேலையை அம்மா சொன்ன ஒரு சொல்லால் விடப்போகிறது என்றால், அந்த அம்மாவுக்குச் சோறு எப்படி இறங்கும், சொல். அதனால் நடந்ததை எல்லாம் முதலிலிருந்து எழுதுகிறேன். நீ இல்லாதபோது நடந்ததும் இதில் இருக்கிறது. பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு வந்ததை நாங்கள் முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம். நம் லயத்தில் எல்லாக் கதவும் ஒன்றுபோல இருக்கும், எல்லா வீட்டுக்கும் முன்னால் ஒரே மாதிரி இஸ்தோப்புத் திண்ணை. யாருக்கும் ஒருநாள் கால் தவறும். ஒரு சாயங்காலம் அப்பா நேராகச் செல்வி வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "ஏ புள்ள, தேத்தண்ணி ஊத்து" என்றிருக்கிறார். அவளும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "என்ன மாமா, அத்தை அடிச்சு வெரட்டிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா குடித்து முடித்துத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தாராம். "நீ யாரு புள்ள, எம் பொண்டாட்டி வீட்டுல?" லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று உனக்குப் போனில் சொன்னபோது நீ மட்டும் சிரிக்கவில்லை. "அடிக்கடி இப்படியாம்மா?" என்று கேட்டாய். இல்லை என்று பொய் சொன்னேன். பிறகு ஒருநாள் நம் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார். மழை. தலையில் சாக்குக்கூட இல்லை. நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு, "உள்ள வரலாமுங்களா?" என்று என்னிடம் கேட்கிறார். சொந்த வீட்டு வாசலில் நின்று, ஆபீஸ் வாசலில் தோட்டத்துத் துரையிடம் கேட்கிற மாதிரி. அன்றோடு எங்கள் சிரிப்பு நின்றது.

உன் சித்தப்பா, அண்ணனுக்கு யாரோ என்னவோ வைத்துவிட்டார்கள் என்று மந்திரிக்கக் கூட்டிப் போனார். தாயத்துக் கட்டினோம். நீ சண்டை போட்ட பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அல்சைமர் என்ற பெயரை எனக்குச் சொல்லக்கூட வரவில்லை, நீ போனில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாய். கொடுத்த மாத்திரை கொஞ்ச நாளைக்குத் தாங்கும், முழுதாகத் திருப்பாது என்று டாக்டரும் சொன்னார், நீயும் சொன்னாய். அப்போதுதான் நீ கொரியாவில் என்ன படிக்கிறாய் என்றே எனக்குத் தெரிந்தது. கொரியா போனவன் என்றால் நம் ஆட்களுக்கு பெக்டரிக்குப் போனவன்தான். உன் சித்தப்பா அதுவரை உன்னைக் கார் பெக்டரியில் இருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நீ இந்த நோய்க்குத்தான் மருந்து தேடுகிறாய் என்று கேட்டதும் எனக்குச் சாமியே நேரில் வந்த மாதிரி இருந்தது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது. அந்த நிமிடத்திலிருந்து நான் உன்னை மகனாகப் பார்க்கவில்லை, மருந்தாகப் பார்த்தேன்.

நீ விளக்கிச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா தேயிலை பெக்டரியில் உருட்டுகிற பகுதியில் இருந்தவர் என்பதால் நீ அதை வைத்தே சொன்னாய். "ரோலர்ல இருந்து எலை வரும்போது உருண்டை உருண்டையா ஒட்டிக்கிட்டு வரும்ல? அத ஒடைச்சு விடாட்டி உள்ளுக்குள்ளயே சூடாகி வீணாப் போயிரும்ல? மூளைக்குள்ளயும் அப்படித்தாம்மா, ஒரு புரதம் உருண்டை புடிச்சுருது. ஒடைக்கத்தான் மெசின் இல்ல." அதை உடைக்கக் கரியிலிருந்து ஒரு துகள் செய்கிறோம், அது போய் அந்த உருண்டையில் ஒட்டிக்கொள்ளும், வெளிச்சம் படாதவரை தூங்கும், சிவப்பு வெளிச்சம் பட்டால் முழித்துக்கொண்டு உருண்டையை உடைக்கும் என்றாய். "கரின்னா நம்ம அடுப்புலயே கெடக்கே தம்பி" என்றேன். "அந்தக் கரி இல்லம்மா. ஒரு முடிய எத்தனையோ ஆயிரமாக் கிழிச்சா வர்ற அளவு. அதுக்குப் பேரு நானோ." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, அதுவரை ஒன்றும் பேசாதவர், "முடியக் கிழிக்கவா இவன கொரியாவுக்கு அனுப்புனோம்?" என்றார். நீ சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. நாம் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

சிரித்து முடித்துவிட்டு நீ இன்னொன்றும் சொன்னாய். கண்ணாடிக் குப்பிக்குள் உடைகிறது, இப்போது எலியில் பார்க்கிறோம், மனிதரிடம் வர எத்தனை வருசமாகும் என்று தெரியாது, வராமலே போகலாம் என்றாய். நீ மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாய். என் காதில்தான் முதல் பாதி மட்டும் ஏறியது.

அதன் பிறகு நான் செய்ததைத்தான் நீ போனில் பார்த்தாய். எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியாது. சித்தப்பா கோழிக்குஞ்சுக் கூட்டில் சூட்டுக்குப் போடுவாரே, பெரிய சிவப்பு பல்ப், அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். சிவப்பு வெளிச்சம் என்றுதானே சொன்னாய். அப்பாவின் நாற்காலிக்கு மேலே கூரைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டேன். அப்போது மாசி மாதத்து மூடுபனி, பகலிலேயே எதிர்லயம் தெரியாது. அப்பா அதன் கீழே துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். "ஏ புள்ள, என்னைய அடைவைக்கிறியா?" என்று கேட்டார். "ஆமா. குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு குடுங்க" என்றேன். உன் சித்தப்பா வாசலில் நின்று, "அண்ணே, விடிஞ்சா மறக்காமக் கூவிருங்க" என்பார். அந்தச் சூட்டில் அவருக்குச் சுகமாகத் தூக்கம் வரும். ஒருநாள் தூங்கி எழுந்தவர் உன் பெயரைச் சொல்லி, பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டானா என்று கேட்டார். பல்ப்தான் செய்தது என்று நான் நம்பினேன். உடனே செல்வி வீட்டுக்கு ஓடினேன். "அத்தை, மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அவள். கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று உள்ளுக்குள் தெரியும். பிறகு ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் கூட்டம். நான் வர நேரமாகிவிட்டது. பல்ப் இறங்கித் தொங்கியிருக்கிறது. அப்பா அதைத் தள்ளத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் வரும்போது உச்சந்தலையில் கொப்புளம். வலிக்குதா என்று கேட்டேன். எது என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "யாரு அந்த பல்ப்பப் போட்டது?"

"நீதான சொன்ன, வெளிச்சம்னு."

"வெளிச்சம் மட்டும் என்னம்மா செய்யும்? உள்ள துகள் இருக்கணும்ல?"

"அப்ப துகள அனுப்பு."

நான் அந்த நிமிடம்வரை அதைக் கேட்கப் போகிறேன் என்று நினைத்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்த பிறகு, இவ்வளவு நாளும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரிந்தது. ஒரு குப்பியில் போட்டு, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு என்றேன். நீ மெதுவாகச் சொன்னாய். உருண்டை உடைந்தால் அந்தத் துண்டுகள் எங்கே போகும் என்று உங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியாது, சின்னத் துண்டு பெரிய உருண்டையைவிட மோசமாக இருக்கலாம், முழித்துக்கொண்ட துகள் பக்கத்தில் இருக்கிற நல்லதையும் எரித்துவிடலாம், மனித மண்டையோட்டைத் தாண்டி அந்த வெளிச்சம் போய்ச் சேருமா என்பதே கேள்வி என்றாய். எனக்கு எதுவும் கேட்கவில்லை. "இனி அவருக்கு என்ன கெட்டுப்போகப் போகுது?" என்றேன். அப்பா பக்கத்தில்தான் இருந்தார்.

அப்போது நீ, "அம்மா, அப்பா கையப் பாருங்க" என்றாய். முழங்கைக்குக் கீழே வெளுத்துப்போய்ச் சுருங்கிய தோல். நீ பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன், அதைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாய், நான் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அப்பா மலையில் புல்லுக்கு நஞ்சடிக்கிற ஆட்களோடு இருந்தார். ஒருநாள் புது நஞ்சு ஒன்று வந்தது. அதை எவ்வளவு கலக்க வேண்டும் என்றுகூடக் கொடுத்தவருக்குத் தெரியாது. "ஒண்ணும் ஆகாது, மொதல்ல இந்த ஒரு மலையில அடிச்சுப் பார்ப்போம்" என்று துரைக்கு அடுத்தபடியான சின்னத்துரை சொன்னாராம். கையுறை இல்லை. முதுகில் கட்டிய டாங்கி ஒழுகும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கை தீயில் வைத்தது போல இருந்தது. மறுநாள் தோல் உரிந்து வந்தது. சோறு பிசைய முடியாது. புதுப் பொண்டாட்டி நான் ஊட்டிவிட்டேன், லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துக் கேலி செய்தார்கள். அந்த நஞ்சைப் பிறகு யாரும் அடிக்கவில்லை. அப்பாவை பெக்டரிக்கு மாற்றினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த நோய் வந்ததா என்று உன்னைக் கேட்டபோது, "தெரியாதும்மா, தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்" என்றாய். அந்தப் பேச்சை நினைவுபடுத்திவிட்டு அன்று நீ சொன்னாய்: "அப்பா மேல ஒரு தடவை அடிச்சுப் பார்த்துட்டாங்கம்மா. ரெண்டாவது தடவை நான் பார்க்க மாட்டேன்."

அதைக் கேட்டு நான் தலை குனிந்திருக்க வேண்டும். குனியவில்லை. வாசலில் ஆட்கள் நின்றார்கள். உன் சித்தப்பா, செல்வி, வேலை விட்டு வந்த பெண்கள், கொழுந்துக் கூடையை இறக்காமல்கூட நின்றார்கள். மகன் மருந்து அனுப்பப் போகிறான் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். போன் சத்தமாக வைத்திருந்தது. அவர்கள் முன்னால் நீ மாட்டேன் என்றது எனக்குப் பொறுக்கவில்லை. "எலிக்குக் குடுக்கிறத பெத்த அப்பனுக்குக் குடுக்க மாட்டியா? எலியவிடக் கேவலமாப் போயிட்டாரா ஒங்கப்பா?" என்றேன். போன் தானாக அணையும்வரை உன் முகம் அதில் அசையாமல் இருந்தது. அப்பா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு என்னைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். "யாருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அதன் பிறகு அப்பா வேகமாகக் குறைந்துபோனார். நடை நின்றது. பேச்சு நின்றது, ஆமாம் இல்லை என்பதோடு சரி. சோறு வாயிலேயே இருக்கும், விழுங்க மறந்துவிடுவார். காய்ச்சல் வந்து மூச்சு இழுத்தபோது சித்தப்பாவும் நானும் ஆட்டோவில் பண்டாரவளைக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து அம்புலன்சில் பதுளைக்கு அனுப்பினார்கள். வார்டில் ஒரு இளம் டாக்டரம்மா. சிங்களப் பிள்ளை, ஆனால் தமிழ் பேசுவாள், தட்டுத் தடுமாறி. மூக்கு வழியாக ஒரு குழாய் வைத்து அதில் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். சரி என்றேன். அவள் குழாயை எடுத்துக்கொண்டு கிட்ட வந்ததும் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ நாளாகச் சேர்ந்தாற்போல இரண்டு வார்த்தை பேசாதவர், தெளிவாகக் கேட்டார்: "யாரு குடுக்கச் சொன்னது?"

"நான்தான் ஐயா."

"எம் மகன் இருக்கான். அவன்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க."

"மகன் டாக்டரா ஐயா?"

"எலிக்குக் குடுத்துப் பார்ப்பான். எலி நல்லா இருந்தாத்தான் எனக்கு. இல்லாட்டி இல்ல. சும்மா மேல அடிச்சுப் பார்க்கிற ஆளு இல்ல அவன்."

டாக்டரம்மா சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். நான் குனிந்து, "மகன் பேரு என்ன, சொல்லுங்க" என்று கேட்டேன். யோசித்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "பேரு தெரியலயே புள்ள" என்றார். "நல்ல பய."

தம்பி, உன் பெயர் போய்விட்டது. உன் முகம் எப்போதோ போய்விட்டது. என்னையே யாரோ வார்டில் வேலை செய்கிற பெண் என்றுதான் நினைத்திருந்தார். எல்லாம் போன பிறகும், நாம் சண்டை போட்ட அன்று நீ சொன்னது அவருக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. எப்படி என்று நீதான் சொல்ல வேண்டும், நீதான் அதைப் படிக்கிறாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்று அந்த வீட்டில் உன் பக்கம் ஒருவர் இருந்தார்.

அந்தப் பிள்ளை குழாயை வற்புறுத்தி வைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "ஐயா, இது மருந்து இல்ல, கஞ்சி போற பைப். கொஞ்சம் நோகும். நீங்க சரின்னாத்தான்" என்று அவருக்குச் சொன்னாள். அவர் தலையாட்டினார். மறுநாள் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டார், ஏன் வைத்தது என்று ஞாபகம் இல்லை. அவள் மறுபடியும் உட்கார்ந்து சொன்னாள். அவர் மறுபடியும் தலையாட்டினார். நான் கட்டில் காலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா போய்விட்டார். வலியில்லாமல் போனார், அதை மட்டும் நம்பு.

நீ வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தாய். அன்று உன் சித்தப்பா, குடித்திருந்தார், பந்தலில் எல்லோர் முன்னாலும், "எலியக் காப்பாத்துன டாக்டரு வந்திருக்காரு, எந்திரிச்சு எடம் விடுங்கடா" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்தாய். அப்பா வார்டில் சொன்னது என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுப் பார்த்தேன். உன் மேல் கோபம் இருக்கும்வரைக்கும் அப்பா சாவுக்குப் பழி சொல்ல ஒரு ஆள் இருந்தது. அந்தக் கோபத்தையும் விட்டுவிட்டால், அவர் சும்மா போய்விட்டவர் ஆகிவிடுவார். யார் செய்ததும் இல்லை, யாராலும் நிறுத்தியிருக்கவும் முடியாது. அதைத் தாங்க என்னால் முடியவில்லை. அதனால் உன்னைத் தாங்கவிட்டேன். நீ என் கையால் ஒரு வாய் சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு பெரகலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாய். நான் இஸ்தோப்பிலிருந்து எழுந்திருக்கவில்லை.

சித்தப்பாவிடம் இப்போது எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் "அண்ணன் அப்படியா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு அழுதார். உன்னிடம் பேச வெட்கமாக இருக்கிறதாம். கோழி ஒன்றை உனக்கென்று வளர்க்கிறாராம், நீ வரும்போது அடிக்க. அதைச் சொல்லச் சொன்னார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இது உனக்கும் சேர்த்து. அன்று நாம் அவ்வளவு சண்டை போட்டோமே, கொடு என்று நானும், மாட்டேன் என்று நீயும். அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் நம் நடுவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவரை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. சொன்னாலும் புரியாது, புரிந்தாலும் மறந்துவிடுவார் என்று நாம் இருவரும் முடிவு செய்துவிட்டோம். அதில் மட்டும் நாம் ஒற்றுமையாக இருந்தோம். யாருக்கு என்ன வேணும் என்று அவரே வாய்விட்டுக் கேட்டார், அப்போதும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த மலையில் நஞ்சைக் கொடுத்தவர் கேட்காமல் கொடுத்தார். நான் கேட்காமல் கொடுக்கப் பார்த்தேன். நான் ஆசையில் செய்தேன் என்பது என் மனசுக்குத் தெரியும், அவர் தோலுக்குத் தெரியாது.

உன்னை ஆய்வுகூடத்துக்குத் திரும்பப் போ என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. உனக்கு அந்த வேலை கசந்துவிட்டதென்றால் விட்டுவிடு, பெக்டரிக்குப் போ, ஊருக்கு வா, என்ன செய்தாலும் நீ என் பிள்ளை. என் சொல்லுக்காக மட்டும் விடாதே. அதை நான் இதோ எல்லோர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொண்டேன். நீ செய்தது சரி. கொடுக்காமல் இருந்தது சரி. அப்பாவுக்காகவும் போகாதே. இனி எந்த வெளிச்சமும் அவரைத் தொடாது, நீ எதைக் கண்டுபிடித்தாலும் அவருக்குக் காலம் கடந்துவிட்டது. அதை நினைத்துக்கொண்டு வேலை செய்தால் நீ என்னைப் போல அவசரப்படுவாய்.

ஆனால் நீ ஆய்வுகூடத்துக்குத் திரும்பப் போனால், அந்தத் துகள் என்றைக்காவது எலியைத் தாண்டி மனிதரிடம் வந்தால், முதலில் ஒரு ஆள் இருப்பார் அல்லவா. யார் வீட்டு அப்பாவோ, யார் வீட்டு அம்மாவோ. அவர் வீட்டில் என்னைப் போல ஒருத்தி உன் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுங்க, கொடுங்க என்று அழுவாள். அவளிடம் பிறகு பேசு. முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார். அவருக்குத் தெரிந்த பாஷையில் சொல். இது என்ன, எங்கே போகும், நோகுமா என்று சொல். உனக்கு என்ன தெரியாது என்பதையும் சொல். வேண்டுமா என்று கேள். பதில் வரும்வரை காத்திரு. மறுநாள் நீ போகும்போது உன்னை யார் என்று கேட்பார். நீ யார் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கேள்.

அம்மா